லூயிஸ் மெக்கீ: டாஸ்மேனியாவின் எஞ்சின் டிரைவர், பெல்ஜியத்தின் சேறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாஸ்மேனிய அரசு ரயில்வேயில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவர் லூயிஸ் மெக்கீ. முதல் உலகப் போரில், 1917 அக்டோபர் 4 அன்று பெல்ஜியத்தில் ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கி நிலை ஒன்றைத் தனி ஆளாகப் பிடித்தார். எட்டே நாளில் இன்னொரு இயந்திரத் துப்பாக்கியை நோக்கிப் போனபோது இறந்தார். அப்போது அவருக்கு வயது 29. அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த மெக்கீ?

1888 மே 13 அன்று பிறந்தவர். ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குத் தெற்கே கடலில் தனித்துக் கிடக்கும் தீவு மாநிலம் டாஸ்மேனியா. அதன் உள்பகுதியில், காம்ப்பெல் டவுன் வட்டாரத்தில் வெர்வுட் என்ற இடம் அவர் பிறந்த ஊர். சாதாரண உழைப்பாளிக் குடும்பம். ரயில்வேயில் சேர்ந்தார், எஞ்சின் டிரைவர் ஆனார். 1914 நவம்பரில் ஐலீன் ரோஸ் பெய்லி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐரோப்பாவில் போர் தொடங்கி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பிறகு ஒரு பெண் குழந்தை. குடும்பம் அவோகா என்ற சிற்றூரில் இருந்தது.

அவோகாவைப் பற்றி ஒரு வார்த்தை. தீவின் பிரதான ரயில் பாதையிலிருந்து கிழக்கே பிரிந்து, ஃபிங்கல் பள்ளத்தாக்கு வழியாக செயின்ட் மேரிஸ் வரை போன கிளைப்பாதையில் இருக்கிறது அந்த ஊர். 1886-இல் திறந்த பாதை. அந்தப் பள்ளத்தாக்கு நிலக்கரிக்குப் பேர்போனது. ரயில் வந்தால்தான் வெளியுலகம் என்றிருந்த இடம்.

அந்தக் காலத்தில் எஞ்சின் டிரைவர் வேலை எப்படி இருக்கும்?

கரி எஞ்சினில் டிரைவர் ஆவது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. முதலில் ஷெட்டில் எஞ்சின் துடைக்கிற கிளீனர். கந்தல் துணியும் எண்ணெயுமாகச் சில வருஷம். அப்புறம் ஃபயர்மேன். ஷவலில் கரியை அள்ளி, ஆடிக்கொண்டே இருக்கிற தளத்தில் கால் ஊன்றி நின்று, நெருப்புப் பெட்டியின் எந்த மூலைக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துப் போட வேண்டும். அதில் தேறினால்தான் டிரைவர். பெரும்பாலும் எல்லா நாட்டு ரயில்வேயிலும் இதுதான் ஏணி.

டாஸ்மேனியப் பாதைகள் 1067 மில்லிமீட்டர் அகலம் கொண்ட குறுகிய பாதைகள். மேடு, வளைவு, பாலம் என்று மாறி மாறி வரும். ஏற்றத்துக்கு முன்பே நீராவியைச் சேர்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடு மேட்டில் வண்டி நின்றுவிடும். எவ்வளவு பாரத்தை, எந்தச் சரிவில், எவ்வளவு நேரத்தில் இழுக்க முடியும் என்ற கணக்கு டிரைவருக்கு உடம்பிலேயே ஊறிப்போயிருக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 12-க்கு வரும்போது இது தேவைப்படும்.

கட்டாயப்படுத்திப் படையில் சேர்த்தார்களா?

இல்லை. முதல் உலகப் போரில் வெளிநாட்டுக்குப் போன ஆஸ்திரேலியர்கள் எல்லாருமே தாங்களாக முன்வந்தவர்கள். கட்டாய ராணுவ சேவை கொண்டுவரலாமா என்று அரசாங்கம் 1916-இலும் 1917-இலும் இரண்டு முறை மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். 50 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகையிலிருந்து 4 லட்சத்துக்கும் அதிகமானோர் பெயர் கொடுத்தார்கள். சுமார் 60,000 பேர் திரும்பவில்லை.

மெக்கீ சேர்ந்தது 1916 மார்ச் 1 அன்று. ஏன் சேர்ந்தார் என்று பலர் கேட்கிறார்கள். மற்றவர் மனதுக்குள் புகுந்து காரணம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காலத்தை மட்டும் சொல்கிறேன். துருக்கியில் நடந்த கல்லிப்போலி சண்டை முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஆள் சேர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. ஒரு சிப்பாய்க்கு நாளுக்கு ஆறு ஷில்லிங் சம்பளம், அதில் ஒரு ஷில்லிங்கைப் பிடித்துவைத்துப் போர் முடிந்து விடுவிக்கும்போது கொடுப்பார்கள். கைவசம் நிரந்தர அரசு வேலையும், வீட்டில் மனைவியும் இருந்த ஒருவர் பணத்துக்காக மட்டும் போனார் என்று நான் நம்பவில்லை.

எந்தப் படைப்பிரிவு?

40-ஆவது பட்டாலியன், அதாவது சுமார் ஆயிரம் பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு. ஹோபார்ட் அருகே கிளேர்மான்ட் முகாமில் உருவான படை. முழுக்க முழுக்க டாஸ்மேனியாக்காரர்கள். பக்கத்து ஊர்க்காரன், பள்ளித் தோழன், மாமன் மகன் என்று எல்லாரும் ஒரே கம்பெனியில் இருப்பார்கள். இதில் ஒரு பலம் உண்டு. கூடவே ஒரு கொடுமையும் உண்டு. ஒரே நாள் சண்டையில் ஒரு சின்னத் தீவின் பல வீடுகளுக்கு ஒன்றாகத் தந்தி போகும்.

1916 ஜூலை 1 அன்று பெரிமா என்ற கப்பலில் ஹோபார்ட்டிலிருந்து கிளம்பினார்கள். அதே தேதியில்தான் பிரான்சில் சோம் சண்டை தொடங்கி, ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,000-க்கும் மேற்பட்டோர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். கப்பலில் கையசைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

இங்கிலாந்தில் சால்ஸ்பரி சமவெளியில் பயிற்சி. நவம்பர் கடைசியில் பிரான்ஸ். ஜான் மோனாஷ் தலைமையிலான 3-ஆவது ஆஸ்திரேலிய டிவிஷனில் இவர்களுடையது 10-ஆவது பிரிகேட். சில பட்டாலியன்கள் சேர்ந்தது பிரிகேட், சில பிரிகேட்கள் சேர்ந்தது டிவிஷன். 1917 ஜனவரியில் மெக்கீ சார்ஜென்ட் ஆனார். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜூன் 7 அன்று மெசீன் சண்டைதான் இந்த டிவிஷன் இறங்கிய முதல் பெரிய போர்.

ரயில்காரரை ரயில் வேலைக்கு ஏன் அனுப்பவில்லை?

நியாயமான கேள்வி. போர்முனையில் ரயில் ஆட்களுக்குப் பெரிய தேவை இருந்தது. ஆஸ்திரேலிய ரயில் ஊழியர்களை வைத்துத் தனி ரயில் கம்பெனிகள் அமைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பவும் செய்தார்கள். ஆனால் அது 1917-இல்தான் நடந்தது. மெக்கீ சேர்ந்தபோது அப்படி ஒரு வழி இல்லை. காலாட்படைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ரயில் கம்பெனிகள் ஓட்டியதில் முக்கியமானது 60 சென்டிமீட்டர் அகலப் பொம்மை ரயில் போன்ற பாதைகள். துண்டு துண்டாகத் தண்டவாளத்தைக் கொண்டுவந்து தரையில் போட்டு, சின்ன எஞ்சின்களில் குண்டுகளையும் சரளைக் கற்களையும் முன்னே கொண்டுபோவார்கள். திரும்பும்போது அதே வண்டிகளில் காயம்பட்டவர்கள் வருவார்கள்.

1917 அக்டோபர் 4 அன்று என்ன நடந்தது?

ஈப்ர் நகரத்துக்குக் கிழக்கே ஒரு நீண்ட மேடு இருக்கிறது. மலை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். சைக்கிளில் ஏறிவிடலாம். ஆனால் சுற்றிலும் தட்டையான அந்த நாட்டில், மேலே இருப்பவனுக்குக் கீழே இருக்கும் எல்லாமே தெரியும். ஜெர்மானியர்கள் மேலே இருந்தார்கள். அந்த மேட்டின் ஒரு பகுதிதான் ப்ரோட்சைன்ட.

பிரிட்டிஷ் ஜெனரல் பிளூமரின் முறை எளிமையானது. ஒரே மூச்சில் போகாதே. பீரங்கி எட்டும் தூரம் மட்டும் போ, பிடி, நில். பீரங்கிகளை முன்னே நகர்த்து. அப்புறம் அடுத்த அடி. செப்டம்பர் 20 அன்று மெனின் சாலை, 26 அன்று பாலிகன் காடு, அக்டோபர் 4 அன்று ப்ரோட்சைன்ட. மழை இல்லாத வாரங்கள் அவை. மூன்று அடியும் பலித்தன.

அன்று விடியற்காலை, தாக்குதலுக்காகக் குண்டுக்குழிகளில் படுத்துக் காத்திருந்த ஆஸ்திரேலியர்கள் மேல் ஐந்தரை மணிவாக்கில் ஜெர்மன் பீரங்கிகள் பொழிந்தன. அதே காலையில் ஜெர்மானியர்களும் ஒரு தாக்குதலுக்குத் திட்டமிட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. திருப்பிச் சுடவும் முடியாமல், எழுந்து ஓடவும் முடியாமல் அரை மணி நேரம் படுத்தே கிடந்தார்கள். ஆறு மணிக்கு பிரிட்டிஷ் பீரங்கிகள் முழங்கின. எழுந்து நடந்தார்கள். 3-ஆவது டிவிஷன் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமாக மேடேற வேண்டும்.

வழியில் ஹாம்பர்க் என்று வரைபடத்தில் பெயரிட்ட அரண். பில்பாக்ஸ் என்று சொல்கிற கான்கிரீட் கட்டடங்கள் அங்கே இருந்தன. சுவர் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமன். சாதாரணக் களப் பீரங்கிக் குண்டு பட்டால் சிராய்ப்புதான் விழும். நிமிடத்துக்குச் சுமார் 500 தோட்டா உமிழும் இயந்திரத் துப்பாக்கி ஒன்று மெக்கீயின் பிளட்டூனை, அதாவது அவருடைய சிறு படைக்குழுவை, தரையோடு தரையாக அமுக்கிவிட்டது. ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

மெக்கீ எழுந்தார். கையில் ஒரு ரிவால்வர். இடையில் மறைவில்லாத சுமார் 50 கெஜம். நல்ல தரையில் பத்து வினாடிக்குள் ஓடிவிடலாம். உழுது போட்டது போலக் குழி குழியாகக் கிடந்த மண்ணில், முதுகில் மூட்டையும் காலில் பூட்ஸுமாக, அது எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். போய்ச் சேர்ந்தார். துப்பாக்கியை இயக்கியவர்களில் சிலரைச் சுட்டார், மற்றவர்களைக் கைதியாகப் பிடித்தார். முன்னேற்றம் மறுபடி தொடங்கியது. பிறகு மிச்சமிருந்த ஆட்களை ஒன்றுசேர்த்து, கடைசி இலக்கு வரை முன்னால் நின்று கூட்டிப்போனார்.

எனக்கு இதில் அந்த ஓட்டத்தைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு செய்ததுதான். உயிர் தப்பிய அதிர்ச்சியில் உட்கார்ந்துவிடாமல், ஆள் எண்ணி, வரிசை கட்டி, பிடித்த இடத்தை மறுபடி பறிகொடுக்காதபடி மண் வெட்டிப் பலப்படுத்தினார். இதற்காகப் பிறகு கிடைத்த விக்டோரியா கிராஸ் விருதின் குறிப்பிலும் இது தனியாக வருகிறது.

அப்படியானால் அது வெற்றிதானே?

வெற்றிதான். ஆனால் மூன்று ஆஸ்திரேலிய டிவிஷன்களிலும் சேர்த்து அன்று 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தும் காயம்பட்டும் போனார்கள். அன்றே மழையும் தொடங்கிவிட்டது.

எட்டு நாளில் எப்படி இறந்தார்?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "வீரமரணம்" என்ற ஒரே சொல்லில் இதை மூடிவிடுகிறார்கள்.

பிளூமரின் முறைக்கு உயிர்நாடி எது? ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பீரங்கிகளும் குண்டுகளும் முன்னே வந்துசேர வேண்டும். அதற்குப் பாதை வேண்டும். ஈப்ர் பகுதி நிலம் களிமண். இயல்பாகவே தண்ணீர் தேங்கும் இடத்தில், விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வெட்டி வைத்த வடிகால்களால்தான் வயல் வயலாக இருந்தது. மூன்று மாதக் குண்டுவீச்சில் அந்த வடிகால்கள் எல்லாம் சிதைந்துவிட்டன. மழை பெய்ததும் தண்ணீர் போக வழியில்லை.

மரப்பலகைகளை வரிசையாக அடுக்கிச் சாலை போட்டார்கள். சிறுரயில் பாதையை நீட்டப் பார்த்தார்கள். தண்டவாளம் சேற்றில் அமிழ்ந்தது, பலகைச் சாலையைக் குண்டுகள் பிளந்தன. பாதை முடிந்த இடத்திலிருந்து கோவேறு கழுதைகளின் முதுகில் குண்டுகள் போயின. பலகையை விட்டுக் கால் வழுக்கினால் கழுதை வயிறு வரை புதையும். பல பீரங்கிகள் குறித்த இடத்துக்கு வந்தே சேரவில்லை. வந்தவையும் உறுதியான அடித்தளம் இல்லாமல், ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுதைப்பில் இன்னும் கொஞ்சம் புதைந்தன, குறி தவறியது. விழுந்த குண்டுகள் சேற்றுக்குள் போய் வெடித்ததால் பாதிச் சக்தி மண்ணோடு போனது.

அக்டோபர் 9 அன்று நடந்த தாக்குதல் இப்படித்தான் தோற்றது. மூன்றே நாளில், 12 அன்று, மறுபடி தாக்கச் சொன்னார்கள். மோனாஷின் டிவிஷனும் நியூசிலாந்து டிவிஷனும் பாஷென்டேல் கிராமத்தைப் பிடிக்க வேண்டும். ஆறு நாள், எட்டு நாள் என்று கொடுத்த அவகாசத்தை மழையில் மூன்று நாளாகச் சுருக்கினார்கள். பாரம், சரிவு, நேரம் என்று முன்பே சொன்னேனே, அந்தக் கணக்கு தெரிந்த எந்த எஞ்சின் டிரைவரும் இந்த வண்டி ஏறாது என்று சொல்லியிருப்பார்.

அன்று மெக்கீ கம்பெனி சார்ஜென்ட் மேஜர், அதாவது ஒரு கம்பெனியின் மூத்த சார்ஜென்ட், பொறுப்பில் இருந்தார். விடிவதற்கு முன்பே நனைந்துபோன ஆட்கள், காலை 5.25-க்குக் கிளம்பினார்கள். ராவபேக் என்ற ஓடை, ஓடையாக இல்லாமல் சதுப்பாகப் பரந்து கிடந்தது. படைக்கு முன்னால் நகர்ந்தபடியே விழ வேண்டிய பீரங்கிக் குண்டுத் திரை, அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது. இடது பக்கம் பெல்வியூ மேட்டில் நியூசிலாந்துக்காரர்கள் அறுபடாத முள்கம்பியில் சிக்கி நின்றுவிட, அந்த மேட்டிலிருந்த துப்பாக்கிகள் 10-ஆவது பிரிகேடைப் பக்கவாட்டிலிருந்து சுட்டன. அப்படியும் சிலர் பாஷென்டேல் தேவாலயம் வரை போய்விட்டார்கள். பின்னால் வர ஆளில்லாததால் திரும்பினார்கள்.

அகஸ்டஸ் உட் என்று அழைக்கப்பட்ட, மரமெல்லாம் மொட்டையாகிப் போன காட்டுத்துண்டின் அருகே இயந்திரத் துப்பாக்கி ஒன்று வழியை மறித்தது. மெக்கீ அதை நோக்கிப் போனார். அங்கேயே இறந்தார்.

4-ஆம் தேதி செய்ததைத்தான் 12-ஆம் தேதியும் செய்தார். அதே ஆள், அதே துணிச்சல். முதல் முறை அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கான குண்டுகள் எதிரியைத் தலைதூக்க விடாமல் வைத்திருந்தன. இரண்டாம் முறை அந்தக் குண்டுகள் எங்கோ பின்னால், சேற்றில் நின்ற வண்டிகளில் கிடந்தன. ஒரு ரயில்காரர் செத்தது, பாரம் வந்துசேராததால். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை.

மாலைக்குள் படை கிட்டத்தட்டப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. அந்த ஒரு நாளில் 3-ஆவது டிவிஷனில் மட்டும் சுமார் 3,000 பேர் இறந்தும் காயம்பட்டும் போனார்கள். நியூசிலாந்துக்கு அதன் ராணுவ வரலாற்றிலேயே மிகக் கொடிய நாள் அதுதான். காயம்பட்ட ஒருவரைத் தூக்க வழக்கமாக நான்கு பேருக்குள் போதும். அந்தச் சேற்றில் ஆறு பேர், எட்டுப் பேர் மாறி மாறித் தூக்கியும் மணிக்கணக்கில் ஆனது.

விக்டோரியா கிராஸ் கிடைத்தது அவருக்குத் தெரியுமா?

தெரியாது. விருது அறிவிப்பு அரசிதழில் வந்தது 1917 நவம்பர் 26 அன்று. அவர் இறந்து 45 நாள் கழித்து. பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் இதற்கு மேல் ஒரு வீரப் பதக்கம் கிடையாது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். உயிரைக் கொடுத்த செயலுக்காக இந்த விருது என்று சிலர் எழுதுகிறார்கள். விருது அக்டோபர் 4-க்கு. உயிர் போனது அக்டோபர் 12 அன்று.

பதக்கம் இப்போது எங்கே?

டாஸ்மேனியாவில் லான்செஸ்டன் நகரத்திலுள்ள குயின் விக்டோரியா அருங்காட்சியகத்தில்.

40-ஆவது பட்டாலியனில் வேறு யாருக்காவது கிடைத்ததா?

பெர்சி ஸ்டேட்டன் என்ற இன்னொரு சார்ஜென்ட்டுக்கு, 1918 ஆகஸ்டில் பிரான்சில் செய்த செயலுக்காக. அவரும் கையில் ரிவால்வரோடு இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்ந்தவர்தான். அவர் உயிரோடு ஊர் திரும்பினார். மெக்கீ பில்பாக்ஸைப் பிடித்த அதே நாளில், அதே டிவிஷனின் பயனியர் பட்டாலியனை (சாலை, பதுங்குகுழி வேலைகளும் செய்யும் பிரிவு) சேர்ந்த வால்டர் பீலருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பீலர் இரண்டாம் உலகப் போருக்கும் வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்து, ஜாவாவில் ஜப்பானியரிடம் கைதியாகி, அதையும் பிழைத்து வந்தார்.

கடைசியில் பாஷென்டேல் என்ன ஆனது?

நவம்பர் 6 அன்று கனடாப் படைகள் கிராமத்தைப் பிடித்தன. கிராமம் என்று சொல்ல அங்கே செங்கல் தூள்தான் மிச்சம். நவம்பர் 10 அன்று சண்டையை நிறுத்தினார்கள். அடுத்த ஏப்ரலில் ஜெர்மானியர்கள் பெரும் தாக்குதல் தொடுத்தபோது, அந்த மேட்டை மொத்தமாக விட்டுவிட்டு பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. மாதக்கணக்கில் பிடித்தது சில நாளில் போனது. 1918 செப்டம்பர் கடைசியில் பெல்ஜியப் படை அதை மீட்டது.

இவரைப் போன்றவர்களின் ராணுவ ஆவணங்களைப் பார்க்க முடியுமா?

முடியும், காசு கொடுக்கவும் வேண்டாம். முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆஸ்திரேலியர்களின் சேவைக் கோப்புகளை ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம் முழுவதுமாக ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் போதும். சேரும்போது கொடுத்த கையெழுத்து, உயரம், மார்பளவு, செய்த வேலை, வீட்டு விலாசம் எல்லாம் இருக்கும். இறந்தவர்களின் கோப்பில் வீட்டாரோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் இருக்கும். உடைமைகள் வந்ததா, பதக்கம் வந்ததா, கல்லறை எங்கே என்று வருஷக்கணக்கில் நீளும் கடிதங்கள். ஒரு கோப்பையாவது முழுதாகப் படித்துப் பாருங்கள்.

கல்லறை எங்கே இருக்கிறது?

பாஷென்டேலுக்கு அருகே டைன் காட் கல்லறைத் தோட்டத்தில். அது அவருடைய டிவிஷனே அக்டோபர் 4 அன்று பிடித்த நிலம். உலகத்திலுள்ள காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டங்களில் மிகப் பெரியது. கிட்டத்தட்ட 12,000 கல்லறைகள், அவற்றில் 8,000-க்கும் மேற்பட்டவற்றில் பெயர் கிடையாது. கல்லறை எது என்று தெரியாத சுமார் 35,000 பேரின் பெயர்களை அரைவட்டச் சுவரில் பொறித்திருக்கிறார்கள்.

நடுவில் நிற்கும் பெரிய சிலுவையை ஒரு ஜெர்மன் பில்பாக்ஸ் மேலேயே கட்டியிருக்கிறார்கள். 1922-இல் அங்கு வந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் சொன்ன யோசனை அது. படிக்கட்டுக் கல்லுக்கு நடுவே வெண்கல வளையம் ஒன்று இருக்கும். அதற்குள் மட்டும் பழைய கான்கிரீட்டை மூடாமல் விட்டிருக்கிறார்கள். சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில், கைக்கு எட்டும் உயரத்தில். மெக்கீ எதை நோக்கி ஓடினார் என்று அதைத் தொட்டால் தெரியும்.

இங்கே விக்டோரியா கிராஸ் பெற்ற மூன்று பேரின் கல்லறைகள் இருக்கின்றன. ஒருவர் மெக்கீ. இன்னொருவர் அவர் இறந்த அதே அக்டோபர் 12 அன்று, அதே டிவிஷனில் இறந்த கேப்டன் கிளாரன்ஸ் ஜெஃப்ரீஸ், சுரங்க அளவையாளர். மூன்றாமவர் நவம்பர் 6 அன்று பாஷென்டேலில் இறந்த கனடாக்காரர் ஜேம்ஸ் ராபர்ட்சன். படைக்கு வருவதற்கு முன் அவர் பார்த்த வேலை, கனேடியன் பசிபிக் ரயில்வேயில் எஞ்சின் டிரைவர்.